ஆர்.வி.யில் முதல் முகாம்: டெக்சஸ் மாநிலப் பூங்காவில் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

படுக்கையும் சமையலறையும் கழிவறையும் கொண்ட ஆர்.வி. வண்டியை வாடகைக்கு எடுத்து முதன்முறையாக முகாமிட வந்த நண்பர்களின் குடும்பங்களோடு சில பயணங்களில் நானும் உடன் சென்றிருக்கிறேன். அவர்கள் தடுமாறிய இடங்களை நினைத்துப் பார்த்தால், செய்யக்கூடாத காரியத்தைச் செய்தவர்கள் குறைவு. செய்ய வேண்டியதையே முறை மாற்றிச் செய்தவர்கள்தான் அதிகம். தொட்டியில் தண்ணீர் ஏறும் முன்பே வெந்நீர்க் கருவியைப் போடுவதும், வண்டி சமமாவதற்கு முன்பே, பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதியான ஸ்லைடை நீட்டுவதும், கழிவறைத் தொட்டிக்கு முன்பாகக் குளியல் நீர்த் தொட்டியைத் திறந்துவிடுவதும் அத்தகையவை. ஆகவே இந்த வழிகாட்டி, பணிகளை அவை செய்யப்பட வேண்டிய வரிசையிலேயே சொல்கிறது. எடுத்துக்காட்டாக, ஆஸ்டின் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணத்தில், பர்னெட் வட்டாரத்தில் உள்ள இங்க்ஸ் லேக் மாநிலப் பூங்காவை எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் இடம், பிறகுதான் வண்டி

பெரும்பாலானோர் வண்டியை முன்பதிவு செய்துவிட்டுப் பிறகு பூங்காவில் இடம் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் இரவு தங்கும் இடங்களை 5 மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம் என்பதால், வசந்தகால விடுமுறைக்கும் நீண்ட வாரயிறுதிகளுக்கும் உரிய இடங்கள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன. வாடகை வண்டி அந்த அளவுக்கு அரிதன்று.

பதிவு செய்யும்போது மூன்று விவரங்களைப் பாருங்கள். முதலாவது, அந்த இடத்தின் நீளம். 25 அடி வண்டியை 20 அடித் தளத்தில் நிறுத்த இயலாது. இரண்டாவது, மின்னிணைப்பு 30 ஆம்பியரா, 50 ஆம்பியரா என்பது. மூன்றாவது, கழிவுநீர் இணைப்பு உண்டா என்பது. மாநிலப் பூங்காக்களில் பல இடங்களில் தண்ணீரும் மின்சாரமும் மட்டுமே இருக்கும். கழிவைப் புறப்படும் நாளில் டம்ப் ஸ்டேஷன் எனப்படும் பொதுவான இடத்தில்தான் வெளியேற்ற வேண்டும். இது ஒரு குறையன்று, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருந்தால் தண்ணீரை அளந்து செலவழிக்கலாம்.

ஓர் இடத்தில் 8 பேருக்கு மேல் தங்க அனுமதியில்லை. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வருவதாயின், அருகருகே இரண்டு இடங்களாகப் பதிவு செய்வதே சரி. இடத்துக்கான கட்டணத்தோடு, 13 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் நுழைவுக் கட்டணம் உண்டு. ஆண்டு அட்டை வைத்திருப்பவரோடு அதே வண்டியில் வருவோருக்கு அது தேவையில்லை. நான்கு பெரியவர்கள் மூன்று நாள் தங்கினால் எது மலிவு என்று ஒரு முறை கணக்கிட்டுவிடுங்கள்.

2. எந்த வண்டி, அதை எப்படிப் பெற்றுக்கொள்வது

முதல் பயணத்துக்கு, ஓட்டுநர் இருக்கைக்கு மேலேயும் ஒரு படுக்கை கொண்ட, 'கிளாஸ் சி' எனப்படும் 24, 25 அடி வண்டியையே நான் பரிந்துரைப்பேன். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டும்போது, ஸ்டீயரிங் வளையத்தை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் மறுபக்கம் திரும்பும். அதைப் பழகுவதற்குப் பூங்கா ஏற்ற இடமன்று. இத்தகைய வாடகை வண்டிகளின் எடை 26,000 பவுண்டுக்கு மிகவும் குறைவு என்பதால், டெக்சஸில் வழக்கமான கார் உரிமமே போதும்.

கிளாஸ் சி வண்டிக்கு ஒரு குறையும் உண்டு. இணைப்புகளைக் கொடுத்துவிட்ட பின், பால் வாங்கக்கூட வீட்டையே அவிழ்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். எனவே குழுவில் ஒருவர் காரிலும் வந்துவிடுவது நல்லது. இங்க்ஸ் லேக்கிலிருந்து சில மைல் தொலைவில், ஆண்டு முழுதும் 68 பாரன்ஹீட் அளவில் குளுமையாக இருக்கும் லாங்ஹார்ன் குகைக்குப் போக நினைப்பவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

வண்டியைப் பெறும்போது அவசரப்படாமல் உள்ளும் புறமும் கூரை உட்பட காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே இருந்த ஒரு கீறலுக்காக நண்பர் ஒருவர் வைப்புத்தொகையில் ஒரு பகுதியை இழந்ததை நேரில் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன். உங்கள் கார்க் காப்பீடு இந்த வண்டிக்குச் செல்லுமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடமே கேளுங்கள். வாடகைக்கு விடுபவரின் வாய்மொழியை நம்ப வேண்டாம். மைல் வரம்பும், ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும்.

அங்கேயே நான்கு விஷயங்களைச் செய்து காட்டச் சொல்லி, நீங்களும் ஒரு முறை செய்து பாருங்கள்: ஸ்லைடை நீட்டி மடக்குதல், வெயில் மறைப்பான அவ்னிங்கை விரித்துச் சுருட்டுதல், வெந்நீர்க் கருவியை எரிவாயுவில் இயக்குதல், கழிவு வால்வுகளைத் திறந்து மூடுதல். விளக்கிச் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள்தான் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் உதவி கேட்கிறார்கள்.

3. முந்தைய நாள் செய்ய வேண்டியவை

ஆர்.வி.யின் குளிர்பெட்டி பல வண்டிகளில் அமுக்கி (கம்ப்ரசர்) இல்லாமல், வெப்பத்தைக் கொண்டு இயங்கும் வகையைச் சேர்ந்தது. அது குளிர்வதற்கு ஏறத்தாழ 12 மணி நேரம் எடுக்கும் என்பதால், முதல்நாள் இரவே இயக்கிவிட்டு, வீட்டில் குளிரூட்டிய பொருள்களையே காலையில் உள்ளே வையுங்கள். அறை வெப்பத்திலுள்ள மாவுப் பாத்திரத்தை அப்படியே வைத்தால், மறுநாள் மாலை அந்த மாவு தோசைக்கன்றிப் பணியாரத்துக்கே உதவும்.

வண்டியோடு தரப்படும் பெட்டியில் இவை உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள்: குடிநீருக்கான வெள்ளை அல்லது நீலக் குழாய், நீரழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், கழிவுக் குழாய், ஒருமுறை பயன்படுத்தும் கையுறைகள், சமப்படுத்தும் பலகைகள், சக்கரத்துக்கான முட்டுக்கட்டைகள், 50 ஆம்பியர் பெட்டியில் 30 ஆம்பியர் வடத்தைச் செருக உதவும் இடைச்செருகி, கழிவறைத் தொட்டிக்கான மருந்து, விரைவில் கரையும் கழிவறைத் தாள். மின் பாதுகாப்புக் கருவி பெரும்பாலும் இதில் இருக்காது. இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கனமான பொருள்களைக் கீழே, சக்கர அச்சுக்கு அருகில் வையுங்கள். நன்னீர்த் தொட்டியை முழுதும் நிரப்பிக்கொண்டு புறப்பட வேண்டிய அவசியம் இல்லை: 40 கேலன் தண்ணீர் 330 பவுண்டுக்கு மேல் எடை கொண்டது. வழியில் கைகழுவவும் கழிவறைக்கும் கால் தொட்டி போதும்.

4. சாலையில்

புறப்படும் முன் வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டுங்கள். இவ்வகை வண்டிகள் 11, 12 அடி உயரம் கொண்டவை. காரில் பழகிய கை, உணவகத்தின் டிரைவ்-த்ரூ பாதைக்குள் தன்னிச்சையாகத் திருப்பிவிடும்.

பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நீண்டிருப்பதால், நீங்கள் வலப்புறம் திருப்பும்போது வால்பகுதி இடப்புறம் வீசும். பெட்ரோல் நிலையத்தில் இதனாலேயே இடிபடுகிறார்கள். பம்பை விட்டு நேராக முன்னே வந்து, வால் தாண்டிய பிறகே திருப்புங்கள். எரிபொருள் நிரப்பும் முன் புரோபேன் வாயுவை மூடிவிடுவதும் மறவாமல் செய்ய வேண்டியது, ஏனெனில் குளிர்பெட்டிக்குள் ஒரு சிறு தீச்சுடர் எரிந்துகொண்டிருக்கக்கூடும்.

ஓடும் வண்டியில் யாரும் எழுந்து நடமாடக்கூடாது. பின்னால் சமையலறையும் படுக்கையும் இருப்பதால் பிள்ளைகளுக்கு இது வீடாகவே தோன்றும், ஆனால் டெக்சஸில் 8 வயதுக்கு உட்பட்டு, 4 அடி 9 அங்குலத்துக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். அந்த இருக்கையை எந்த இடத்தில் பொருத்தலாம் என்பதை வண்டியைப் பெறும்போதே கேட்டுவிடுங்கள். சாப்பாட்டு மேசையை ஒட்டிய, பக்கவாட்டைப் பார்த்த இருக்கை அதற்கு ஏற்றதன்று.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் இருட்டில் பின்னோக்கி நிறுத்துவதைப் போன்ற மனக்கசப்பு கணவன் மனைவிக்கிடையே வேறெதிலும் வந்து நான் பார்த்ததில்லை.

5. நிறுத்துதலும் சமப்படுத்துதலும்

பூங்கா அலுவலகத்தில் பதிவை உறுதிசெய்துவிட்டு இடத்துக்கு வந்ததும், வண்டியை உள்ளே செலுத்தாமல் அனைவரும் இறங்கி நடந்து பாருங்கள். மின்பெட்டியும் குழாயும் எங்கே உள்ளன, மேசையும் நெருப்பு வளையமும் எங்கே உள்ளன என்பதைப் பார்த்த பிறகு, தலையை உயர்த்தி மரக்கிளைகளைப் பாருங்கள். இங்குள்ள ஓக் மரங்களின் கிளைகள் தாழ்வானவை. கூரையிலுள்ள குளிர்சாதனத்தின் மூடி உடைவது பெரும்பாலும் இவற்றால்தான்.

வண்டியின் இணைப்புகள் ஓட்டுநர் பக்கத்தில், பின்புறமாக அமைந்திருக்கும். வடம் மின்பெட்டி வரை எட்டுமா என்பதை நிறுத்திய பிறகு பார்ப்பதை விட, அதற்கு முன்பே பார்ப்பது நல்லது.

பின்னோக்கி வரும்போது ஒருவர் மட்டுமே வழிகாட்ட வேண்டும். அவர் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்திலேயே நிற்க வேண்டும். கண்ணாடியிலிருந்து அவர் மறைந்த கணமே ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட வேண்டும். நான்கு பேர் நான்கு திசையில் கையசைத்தால் எவர் சொல்வதையும் கேட்க முடியாது.

இடத்தில் நின்றதும் சமமட்டக் கருவியை வண்டியின் உள்தரையில் வைத்து, தாழ்ந்த பக்கச் சக்கரங்களின் முன் பலகைகளை அடுக்கி அவற்றின்மேல் ஏற்றுங்கள். பிறகு கைத்தடையைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுங்கள். சமமான பிறகே ஸ்லைடை நீட்ட வேண்டும், ஏனெனில் சாய்ந்த நிலையில் அதன் பல்சக்கரங்கள் திருகிக்கொள்ளும். சமப்படுத்துவது தூக்கத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். முன்பு சொன்ன வகைக் குளிர்பெட்டி சாய்வில் நெடுநேரம் இயங்கினால் பழுதடையும்.

6. மின்சாரம்

முறை இதுதான்: மின்பெட்டியிலுள்ள பிரேக்கரை அணையுங்கள், பாதுகாப்புக் கருவி இருந்தால் அதைச் செருகுங்கள், வண்டியின் வடத்தைச் செருகுங்கள், பிறகு பிரேக்கரைப் போடுங்கள். பிரேக்கர் இயங்கும் நிலையிலேயே செருகினால் முனைகளில் பொறி பறந்து அவை கருகும். முன்பு வந்தவர்கள் அப்படிச் செய்ததால்தான் சில பெட்டிகளின் துளைகள் பழுப்பேறிக் கிடக்கின்றன. அத்தகைய பெட்டியைக் கண்டால் அலுவலகத்தில் சொல்லி வேறிடம் கேளுங்கள்.

30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் தருகிறது. நம் சமையல் பழக்கத்துக்கு இந்த எண்ணை மனத்தில் வைத்திருப்பது மிகவும் அவசியம். குளிர்சாதனம் ஓடும்போது சுமார் 1,500 வாட் எடுக்கும். வெந்நீர்க் கருவியின் சூடேற்றும் மின்கம்பி ஏறத்தாழ 1,400. முழு வேகத்தில் இன்டக்‌ஷன் அடுப்பு 1,800. மூன்றும் சேர்ந்தால் 4,700 ஆகிவிடும், பிரேக்கர் விழுந்துவிடும். ஆகவே வெந்நீரை எரிவாயுவுக்கு மாற்றிவிடுங்கள். குக்கரை வெளியே மேசையில் எரிவாயு அடுப்பில் வையுங்கள். மிக்ஸியில் அரைக்க வேண்டியவற்றை வீட்டிலேயே அரைத்து எடுத்து வாருங்கள். 50 ஆம்பியர் இணைப்பு இரு கம்பிகளில் மொத்தம் 12,000 வாட் தருவது உண்மையே, ஆனால் உங்கள் வண்டியின் வடம் 30 ஆம்பியருக்கானதாக இருந்தால் இடைச்செருகி போட்டாலும் 3,600 வாட்டுக்கு மேல் கிடைக்காது. இந்த வேறுபாடு புரியாமல் கூடுதல் கட்டணம் கொடுத்து 50 ஆம்பியர் இடத்தைப் பதிவு செய்தவர்கள் பலர்.

கோடைப் பிற்பகலில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் குளிர்சாதனத்தைப் போடும்போது மின்னழுத்தம் தாழும். 105 வோல்ட்டுக்குக் கீழே போனால் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு ஏரிக்குப் போய்விடுங்கள்; குறைந்த அழுத்தத்தில் அதன் அமுக்கி சூடேறிக் கெடும்.

7. தண்ணீர்

முதலில் குழாயைச் சில நொடிகள் திறந்துவிட்டுத் துருநீரை வெளியேற்றுங்கள். பிறகு ரெகுலேட்டரைக் குழாயில் பொருத்தி, அதிலிருந்து குடிநீர்க் குழாயை வண்டிக்குக் கொடுங்கள். ரெகுலேட்டர் வண்டிப் பக்கத்தில் அல்லாமல் தரைக் குழாயின் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் இடையிலுள்ள குழாயும் காக்கப்படும். வண்டியின் உள்குழாய்களுக்கு 40 முதல் 50 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தம் போதுமானது.

வெளி இணைப்பு கொடுத்த பின் வண்டியின் தண்ணீர் மோட்டாரை அணைத்துவிடுங்கள். இனி, ஒவ்வொரு வெந்நீர்க் குழாயையும் திறந்து காற்று முழுதும் வெளியேறி, தண்ணீர் தடையின்றி வரும் வரை காத்திருங்கள். அதற்குப் பிறகே வெந்நீர்க் கருவியைப் போடலாம். காலித் தொட்டியில் மின்கம்பி ஓரிரு நிமிடங்களிலேயே எரிந்துபோகும். அதற்கான தண்டம் உங்கள் வைப்புத்தொகையிலிருந்தே பிடிக்கப்படும்.

8. கழிவுத் தொட்டிகள்

வண்டியில் நன்னீர்த் தொட்டி தவிர, குளியலும் பாத்திரம் கழுவுவதும் சேரும் சாம்பல் தொட்டி, கழிவறைக்கான கறுப்புத் தொட்டி என இரண்டு உண்டு. கறுப்புத் தொட்டியை முதலில் பயன்படுத்தும் முன்பே சில கேலன் தண்ணீரும் மருந்தும் ஊற்றுங்கள். உலர்ந்த தரையில் விழும் திடக்கழிவு அங்கேயே குவிந்து இறுகிவிடும். பிறகு எந்த வால்வைத் திறந்தும் பயனில்லை. கழிவுநீர் இணைப்புள்ள இடம் கிடைத்தாலும் கறுப்பு வால்வை மூடியே வைத்திருங்கள். திறந்தே வைத்தால் நீர் ஓடிவிட, திடப்பொருள் மட்டும் தங்கும்.

மூன்று நாள் பயணத்தில் நம் குடும்பங்களுக்கு முதலில் நிரம்புவது சாம்பல் தொட்டிதான். அரிசி களைந்த நீர், பருப்புக் கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அதற்குள் போனால் இரண்டாம் நாளே துர்நாற்றம் கிளம்பும். தட்டுகளைத் தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், பாத்திரம் கழுவும் தொட்டியில் வடிகட்டி வையுங்கள், பூங்காவின் பொதுக் குளியலறையைப் பயன்படுத்துங்கள். சாம்பல் நீரைத் தரையில் திறந்துவிடுவது விதிமீறல். 'வெறும் சோப்புத் தண்ணீர்தானே' என்ற சமாதானம் செல்லாது.

9. ஏரியும் நெருப்பும் விலங்குகளும்

இங்க்ஸ் லேக் கொலராடோ ஆற்றின் அணைத்தொடரில் புக்கேனன் ஏரிக்குக் கீழே அமைந்திருப்பதால், அதன் நீர்மட்டம் வறட்சியிலும் பெரும்பாலும் மாறுவதில்லை. கோடையில் இப்பூங்காவை நான் விரும்புவதற்கு இதுவே காரணம். இளஞ்சிவப்புப் பாறைகள் சூழ்ந்த டெவில்ஸ் வாட்டர்ஹோல் பகுதியில் பாறைமீதிருந்து குதிப்பவர்களைக் காண்பீர்கள். உயிர்காப்பாளர் எவரும் அங்கில்லை. 13 வயதுக்கு உட்பட்டோர் சிறு படகில் செல்லும்போது உயிர்காப்பு அங்கியை அணிந்தே இருக்க வேண்டும். நீந்தத் தெரியாத பெரியவர்களும் கூச்சப்படாமல் அணிந்துகொள்ளுங்கள். டெக்சஸ் மாநிலப் பூங்காவின் கரையிலிருந்து மீன்பிடிக்க உரிமம் தேவையில்லை என்பதால், ஒரு தூண்டில் கொண்டுவந்தால் பிள்ளைகளின் மாலைப்பொழுது கழியும்.

கோடையில் நடைபாதைகளுக்குச் சூரியன் எழும்போதே சென்று, பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். நிழலற்ற பாறைத்தளம் வெயிலைத் திருப்பி அடிக்கும்.

விறகை வாங்கும் முன் அந்த வட்டாரத்தில் நெருப்புத் தடை உண்டா என்று கேளுங்கள். பூங்காவில் சுள்ளி பொறுக்கக்கூடாது. படுக்கும் முன் தணல்மீது நீரூற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகில் காட்டிச் சூடில்லை என்று உறுதிசெய்யுங்கள். உணவை இரவில் மேசைமீது விட்டால் ரக்கூன்கள் கூட்டமாக வந்துவிடும். நாற்காலியைப் போடும் முன் தரையைப் பாருங்கள்: தளர்ந்த மண்குவியலாகத் தெரிவது தீ எறும்புப் புற்று. பொது இடத்தில் மது அருந்துவதற்கு அனுமதி இல்லை. இரவு 10 மணி முதல் அமைதி நேரம். அவ்னிங்கை ஒவ்வோர் இரவும் சுருட்டிவிடுங்கள், ஏனெனில் நள்ளிரவில் வரும் ஒரு காற்று அதை முறிக்கப் போதும்.

10. புறப்படும் நாள்

இடத்தை நண்பகலுக்குள் காலி செய்ய வேண்டும். ஞாயிறு பதினொரு மணிக்கு டம்ப் ஸ்டேஷனில் வரிசை நீளும் என்பதால் ஒன்பது மணிக்கே கிளம்பப் பாருங்கள். அவிழ்ப்பது, கட்டியதற்கு நேர்மாறான வரிசையில்: வெந்நீர்க் கருவியை அணைத்தல், தண்ணீரைத் துண்டித்தல், பிரேக்கரை அணைத்துவிட்டு வடத்தை எடுத்தல், ஸ்லைடை மடக்குதல், கடைசியில் முட்டுக்கட்டைகளை எடுத்தல்.

டம்ப் ஸ்டேஷனில் கையுறை அணிந்து, இரு வால்வுகளும் மூடியிருப்பதை உறுதிசெய்த பிறகே மூடியைக் கழற்றுங்கள். பாதி திறந்த வால்வு உங்கள் காலணியை நனைத்துவிடும். குழாயின் ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையைத் தரைத்துளையிலும் இறுகப் பொருத்தி, முதலில் கறுப்பு வால்வைத் திறந்து முழுதும் வடியவிடுங்கள். அதை மூடிய பிறகே சாம்பல் வால்வைத் திறக்க வேண்டும். சோப்புநீர் குழாயைக் கழுவிக்கொண்டே போகும். அங்கே குழாயை அலசக் கட்டப்பட்டிருக்கும் நீர்க்குழாய் குடிநீருக்கானதன்று, அதில் உங்கள் குடிநீர்க் குழாயை ஒருபோதும் இணைக்காதீர்கள்.

வண்டியை எடுக்கும் முன் ஒருவர் தனியாக ஒரு சுற்று நடந்து வர வேண்டும்: படிக்கட்டு மடங்கியதா, கூரைக் காற்றாடி மூடியதா, அவ்னிங் பூட்டியதா, வெளி அறைகள் தாளிட்டவையா, சமப்பலகைகள் புல்லில் கிடக்கின்றனவா. திரும்ப ஒப்படைக்கும் இடத்துக்கு ஐந்து மைல் முன்பே எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள். அந்த நிலையத்தின் கூரை எவ்வளவு உயரம் என்பதை உள்ளே திருப்புவதற்கு முன் பாருங்கள்.